ஏரி காத்தவர்கள்

2019 ஜூன் மாதம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் அடிமண் தெரியக் கிடந்தன. குடிநீர் லாரிக்குப் பதிவு செய்துவிட்டு மக்கள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்த ரயிலை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ரயில் புறப்படுவதற்கு முன்பே தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கத்தில் வேறொரு வேலை தொடங்கியிருந்தது. விடுமுறை நாளின் காலை வெயிலில், வற்றிய ஏரிக்குள் ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள்.

அலுவலகம் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், இல்லத்தரசிகள் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களைக் கூட்டி வந்தது ‘சிட்லபாக்கம் ரைசிங்’ என்ற தன்னார்வக் குழு. 80 ஏக்கருக்கு மேல் பரந்திருந்த ஏரி அப்போது 50 ஏக்கருக்கும் கீழே சுருங்கியிருந்தது. ஏரியை ஒட்டியே பேரூராட்சியின் குப்பை மேடு. அதில் எரியும் குப்பையின் புகைக்கு எதிராக மனிதச் சங்கிலி நடத்திப் பழகியவர்கள்தான் இப்போது ஏரிக்குள் நின்றார்கள்.

வற்றிய புறநகர் ஏரியின் தரை, மேலே நின்று பார்ப்பவருக்குக் காய்ந்த மண்ணாகவே தெரியும். கடப்பாரையை இறக்கினால் ஓரடிக்குக் கீழே கருஞ்சேறு, அழுகிய முட்டையின் வாடை. அந்தச் சேற்றுக்குள் கேரி பேக்குகள் மடிப்பு மடிப்பாகப் படிந்திருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் வண்டல் நிறைந்து ஈயக்குண்டு போலக் கனக்கும்; ஒன்றைப் பிடித்து இழுத்தால் அடுத்தது கிழியும். அதைக் கையால்தான் எடுக்க வேண்டும். இயந்திரம் வாரினால் பிளாஸ்டிக்கும் மண்ணும் கலந்து, வயலுக்கும் ஆகாத, செங்கல் சூளைக்கும் ஆகாத கழிவாகிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த வேலை மலைக்க வைக்கும். 50 ஏக்கர் ஏரியில் ஓர் அடி ஆழத்துக்கு மண் எடுப்பதென்றால் ஏறக்குறைய 21 லட்சத்து 78 ஆயிரம் கன அடி. ஆள் சுமக்கும் பாண்டு ஒன்றில் அரை கன அடி நிறைவதே அதிகம். அப்படியானால் நாற்பது லட்சம் நடைக்கு மேல் நடக்க வேண்டும். எந்த ஊராலும் ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிடக்கூடிய வேலை இல்லை இது. இறங்கியவர்களுக்கும் அது தெரியும். ஆனால் வரி கட்டும் குடிமக்கள் கொளுத்தும் வெயிலில் அரசு ஏரியைத் தாங்களே தூர்வாருகிறார்கள் என்ற செய்தி பரவியதும் கோட்டையில் கோப்பு நகர்ந்தது. சிட்லபாக்கம் ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் ஒதுக்குவதாகத் தமிழக அரசு அதே ஆண்டில் அறிவித்தது.

ஒரு குழுவின் வெற்றிக் கதை என்று இதோடு நிறுத்திவிடலாம். ஆனால் ஏரியில் தண்ணீர் நின்ற பிறகு நடப்பதுதான் செங்கல்பட்டு மாவட்டம் முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி.

ஒன்றின் கலங்கல், அடுத்ததன் வரத்து

2019 நவம்பர் 29-இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது சும்மா இல்லை. நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் இங்கே 528 ஏரிகள். பிரிவுக்குப் பிந்தைய காஞ்சிபுரத்தில் 381. நூறு ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள சிற்றேரிகள் ஊராட்சி ஒன்றியங்களிடம் தனியாக இருக்கின்றன. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத நிலப்பரப்பு இது. பாலாறு மழைக்காலத்தில் சில வாரங்கள் ஓடினால் உண்டு. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்தச் சில வாரத் தண்ணீரை மீதி மாதங்களுக்குப் பிடித்து வைக்கத்தான் கரை போட்டார்கள்.

ஏரி என்பது தனிக் குளம் இல்லை. மேட்டிலுள்ள ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரிநீர் வழியும். அது போக்குக் கால்வாயில் ஓடிக் கீழுள்ள ஏரிக்கு வரத்தாகும். சிட்லபாக்கத்தின் உபரி செம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள், பிறகு பள்ளிக்கரணைச் சதுப்பு. சதுப்பிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு இறங்கி, முட்டுக்காடு முகத்துவாரத்தில் வங்கக் கடலைத் தொடுகிறது. தாம்பரத்துப் பக்கம் ஒரு வீட்டுக் குளியலறையில் கொட்டிய சோப்புத் தண்ணீர் கோவளம் மீனவரின் வலையைத் தொடும் பாதை இதுதான்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பர் காட்டியது. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. போக்குக் கால்வாய்களின் மேல் வீடுகளும் சாலைகளும் நின்றதால் தண்ணீர் தன் பழைய வழியில் தெருக்களுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையைச் சுற்றிய குடியிருப்புகளில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. கோடையில் காய்ந்து, கார்த்திகையில் மூழ்கும் இந்த இரண்டு துன்பங்களுக்கும் மருந்து ஒரே கால்வாயில் இருக்கிறது என்பதைத் தன்னார்வலர்கள் அதிகாரிகளுக்கு முன்பே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நில அளவை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஏரியிலிருந்து அடுத்த ஏரி வரை கால்வாயின் கூடவே நடந்து பார்ப்பது பல குழுக்களின் முதல் வேலை. மே மாதம் நடப்பது உத்தமம். மழையே இல்லாத மே மாதத்தில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது கழிவுநீர்தான். ஆய்வகம் தேவையில்லை, எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று பார்த்து எழுதிக்கொண்டால் போதும்.

ஏரிக்கு ஆள் இருந்த காலம்

இன்றைக்குத் தன்னார்வம் என்று சொல்கிற வேலைக்கு ஒரு காலத்தில் ஆளும் இருந்தது, கூலியும் இருந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியான உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்லும். பள்ளிப் பாடத்தில் எல்லாரும் படித்ததுதான். அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றுள் ஒன்று ஏரி வாரியம்; உறுப்பினர் ஆறு பேர், பதவிக்காலம் ஓராண்டு. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினர்களும் போட்டிக்கே வர முடியாது. இன்றைய ஏரிப் பணி ஒப்பந்தங்களுக்கு இந்த ஒரு விதியைப் பொருத்திப் பார்த்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்!

ஆனால் அந்த வாரியத்தை அப்படியே பொற்காலமாக்கிவிடக் கூடாது. அது பிராமணக் குடியிருப்பின் சபை. வரி கட்டும் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ள ஆண்களுக்கே அதில் இடம். மதகைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று தண்ணீரைப் பங்கிட்டு, இருட்டில் கரையோரம் நடந்து கசிவு பார்த்தவர் நீர்கட்டி. தமிழக ஊர்களில் இந்த வேலை பெரும்பாலும் தலித் குடும்பங்களிடமே தலைமுறை தலைமுறையாக இருந்தது. அறுவடையின்போது களத்து மேட்டில் நீர்கட்டிக்கென்று நெல் அளந்தார்கள். ஏரியைப் பற்றிய நுட்பமான அறிவு முழுக்க அவரிடம் இருந்தது. ஏரியைப் பற்றிய முடிவுகளில் அவருக்கு இடம் இருந்ததில்லை. இன்றைய தன்னார்வக் குழுக்கள் கவனிக்க வேண்டிய வரலாறு இது. ஏரிக்கரை நடைபாதையில் காலை நடை போகிறவருக்கு இருக்கும் குரல், அதே ஏரியில் வலை வீசிப் பிழைப்பவருக்கு இருக்கிறதா?

1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பு செங்கல்பட்டுச் சீமையைச் சூறையாடியது. உடைந்த கரைகளை அடைக்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. 1794 முதல் 1798 வரை, கிழக்கிந்தியக் கும்பினியின் ஜாகீரான இந்தச் சீமைக்குக் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் ஏரிகளைப் பழுதுபார்ப்பதை முதல் வேலையாக எடுத்துக்கொண்டார். மதுராந்தகம் ஏரிக்கரை கதை அவரைச் சுற்றித்தான் வளர்ந்தது. மழை கொட்டிய இரவு, கரை உடையும் தறுவாயில், வில்லேந்திய இருவர் கரைமேல் நின்றதை பிளேஸ் துரை பார்த்தார்; பொழுது விடிந்தபோது கரை உடையாமல் நின்றது என்பது ஊர் நம்பிக்கை. கோயிலுக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர். தாயார் சந்நிதியில் துரையின் திருப்பணியைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. கடவுளே வந்து கரையில் நின்றார் என்று ஓர் ஊர் சொல்கிறதென்றால், கரையில் ஆள் நிற்க வேண்டும் என்பதை அந்த ஊர் எவ்வளவு முக்கியமாக நினைத்திருக்கிறது என்பது புரியும்.

பிறகு வந்தது தேய்வு. ஊர்ப்பொதுவில் இருந்த மராமத்து உரிமைகளும் மானியங்களும் கும்பினி வருவாய்க் கணக்குக்குள் போயின. கூலிக்கான பங்கை எடுத்துக்கொண்டு வேலையை மட்டும் ஊரிடம் கேட்டது அரசு. ஊரார் கூடி ஏரிகளைப் பழுதுபார்க்கும் குடிமராமத்துக்கு வர மறுப்பவரைத் தண்டிக்க மதராஸ் மாகாணத்தில் 1858-இல் ஒரு சட்டமே வந்தது. விரும்பிச் செய்த வேலையைச் சட்டம் போட்டு வாங்க நேர்ந்ததிலேயே அந்த ஏற்பாடு எவ்வளவு நொறுங்கிவிட்டது என்பது தெரியும். 2017-இல் 100 கோடி ரூபாயோடு குடிமராமத்து என்ற பெயர் மறுபடி வந்தது. வேலைகள் நடந்தன, கரைகள் பலப்பட்டன. ஆனால் வேலை முடிந்த மறுநாள் முதல் அந்தக் கரையில் நடப்பது யார் என்ற கேள்விக்கு எந்தத் திட்டத்திலும் பதில் இல்லை.

பட்டாசு வெடிக்காத ஊர்

அந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் ஊர் ஒன்று மதுராந்தகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேடந்தாங்கல்.

முப்பது ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவான சின்ன ஏரி. தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா என்று கிளைகள் வளையும்வரை பறவைகள் கூடு கட்டும். வெள்ளைக்கார சிப்பாய்கள் அவற்றைச் சுட்டபோது ஊர் விவசாயிகள் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு எழுத்தில் கொடுத்த கவுல் 1798-இல் கிடைத்தது. 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. வனத்துறையின் சரணாலயங்கள் எல்லாம் பிற்பாடு வந்தவை. வேடந்தாங்கலுக்கே 1936-இல்தான் அந்த அங்கீகாரம் கிடைத்தது.

ஊர்க்காரர்கள் இதைக் கருணை என்று மட்டும் சொல்லமாட்டார்கள். கூடுகளிலிருந்து விழும் எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து அதைப் பச்சையாக மாற்றும். மதகு திறந்ததும் அந்தத் தண்ணீர் வயலுக்குத் தழைச்சத்தைக் கொண்டுபோகிறது. உரச் செலவு குறைகிறது. பறவை இருந்தால் விளைச்சல், ஏரி இருந்தால் பறவை. ஆகவே தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாணமோ திருவிழாவோ, பறவை இருக்கும் பருவத்தில் ஊர் அடங்கியே இருக்கும். தன் வாழ்வோடு ஏரி பின்னிக் கிடக்கும் இடத்தில் தன்னார்வலர் அட்டை போட்டுக்கொண்டு யாரும் வர வேண்டியதில்லை. மூன்றாம் தலைமுறைப் பிள்ளைக்கும் கூடு எங்கே, குஞ்சு எப்போது என்பது தெரிந்திருக்கும்.

2020-இல் சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர் பாதுகாப்பு எல்லையை மூன்றாகக் குறைக்கும் முயற்சி எழுந்தபோது சூழலியலாளர்களும் பொதுமக்களும் கடுமையாக எதிர்த்தார்கள், முயற்சி கைவிடப்பட்டது. 2022-இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் பள்ளிக்கரணையும் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பெருமைதான். ஆனால் சரணாலயத்துக்கு வெளியே பறவைகள் இரை தேடும் சுற்றுவட்டார ஏரிகளும் வயல்களும் எந்தப் பட்டியலிலும் இல்லை. கூடு வேடந்தாங்கலில் இருந்தாலும் நத்தையும் மீனும் பக்கத்து ஊர் ஏரியில்தான் கிடைக்கின்றன.

சாக்கடை என்ற முள்

புறநகரில் ஏரிக்கும் வாழ்வுக்குமான இந்தப் பின்னல் அறுந்து நாளாயிற்று. சிட்லபாக்கத்திலோ செம்பாக்கத்திலோ ஏரித் தண்ணீரை நம்பி நெல் நடுபவர் இன்று இல்லை. ஆயக்கட்டு மனைகளாகிவிட்டது. ஏரியோடு மிச்சமிருக்கும் ஒரே உறவு நிலத்தடி நீர். ஏரி நிறைந்தால் கிணறும் போரும் ஊறும். கழிவுநீரால் நிறைந்தாலும் அப்படித்தான் ஊறும், அதில்தான் சிக்கல்.

2019-இல் தூர்வாரிய கைகள் 25 கோடி ரூபாயைக் கொண்டுவந்தன. கரை பலப்பட்டது, நடைபாதை வந்தது. ஆனால் கழிவுநீர் நிற்கவில்லை. பாதாளச் சாக்கடை இல்லாத பேரூராட்சியாகவே அந்த ஊர் பெருத்தது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தபோதும் இந்தக் குறை கூடவே வந்தது. அடுக்குமாடிகளின் செப்டிக் டேங்க் வழிவு மழைநீர் வடிகாலில் விழுந்தால், வடிகால் ஏரிக்குத்தான் போகும். சத்து மிகுந்த தண்ணீரில் ஆகாயத்தாமரை சில வாரங்களிலேயே இரட்டிப்பாகும். எத்தனை ஞாயிற்றுக்கிழமை வாரினாலும் வேருக்குச் சோறு போடும் குழாயை அடைக்காதவரை அது திரும்ப வரும். அந்தக் குழாய் சில வேளைகளில் வாருகிறவர் வீட்டிலிருந்தே வருகிறது என்பதுதான் நடுவில் நின்று உறுத்தும் உண்மை. சிட்லபாக்கம் குழுவினர் 2019-லேயே வீடு வீடாகப் போய் மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பைச் சோதித்தார்கள். தமிழகத்தில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயம். காகிதத்தில் இருப்பது தரையில் இருக்கிறதா என்று பார்க்கப் போனது அண்டை வீட்டார்தான். அதே கதவுகளைக் கழிவுநீருக்காக இன்னொரு முறை தட்ட வேண்டியிருக்கிறது. இது முதலாவதைவிடக் கசப்பான வேலை. சேறு அள்ளும்போது எல்லாரும் நண்பர்கள். ‘உங்க குழாய் எங்க போகுது?’ என்று கேட்டால் முகம் மாறும்.

ஆக்கிரமிப்பு இன்னொரு முள். நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-இல் தமிழகம் தனிச் சட்டம் இயற்றியது. சிட்லபாக்கம் ஏரி ஆக்கிரமிப்பு விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. ஏரியைக் காக்கச் சொல்லும் தீர்ப்புகள் நியாயமானவை. ஆனால் வெளியேற்றம் என்று வரும்போது, பட்டாவும் மின் இணைப்பும் தருவதாகச் சொன்னவர்களை நம்பி வாழ்நாள் சேமிப்பைப் போட்ட சிறு வீட்டுக்காரர்கள்தான் முதலில் தெருவுக்கு வருகிறார்கள். ஏரிப் புறம்போக்கில் எழும்பிய சாலைகளுக்கும் அரசுக் கட்டடங்களுக்கும் அந்த வேகம் காட்டப்படுவதில்லை. ஏரிக்காகக் குரல் கொடுக்கும் குழு மாற்று வீட்டுக்காகவும் குரல் கொடுத்தால்தான் ஏரி ஊருக்குப் பொதுவாகும்.

செம்பாக்கம் ஏரியில் நடந்தது கொஞ்சம் வேறு மாதிரி. ஏறக்குறைய 100 ஏக்கர் ஏரி அது. நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐஐடி மூன்றும் சேர்ந்து முதலில் ஏரியை அளந்தன. எங்கிருந்து எவ்வளவு கழிவு வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மண்ணில் கை வைத்தன. கேர் எர்த் அறக்கட்டளையின் ஜெயஸ்ரீ வெங்கடேசன் பள்ளிக்கரணைக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர். 2025-இல் ராம்சார் அமைப்பின் விருது பெற்ற முதல் இந்தியர். கீழ்க்கட்டளை ஏரிக்காக உழைத்த அருண் கிருஷ்ணமூர்த்திக்கு 2012-இல் ரோலக்ஸ் விருது கிடைத்தது. அவர் தொடங்கிய இந்தியச் சூழலியலாளர் அறக்கட்டளையின் ஞாயிறு தூய்மைப் பணிகளில்தான் சென்னையின் பல இளைஞர்கள் முதன்முதலாக ஓர் ஏரிக்குள் கால் வைத்தார்கள். சிட்லபாக்கம், செம்பாக்கம், கீழ்க்கட்டளை மூன்று ஏரிகளும் ஒரே சங்கிலியில் இருக்கின்றன. மேலேயுள்ள ஏரியில் கழிவு நிற்காமல் கீழேயுள்ளது தெளியாது. ஆனால் திட்டங்கள் ஏரிக்கு ஒன்றாக, நிதி தருபவருக்கு ஒன்றாக, ஆண்டுக்கு ஒன்றாக வருகின்றன.

ஜப்பானின் பீவா ஏரிக்கரை மக்கள் இந்தக் கழிவுநீர்ச் சிக்கலை வேறு முனையிலிருந்து பிடித்தார்கள். 1977 மே மாதம் அந்த ஏரி பாசி பூத்துச் செந்நிறமானது. துணி துவைக்கும் டிடர்ஜெண்டில் இருந்த பாஸ்பேட் ஒரு காரணம் என்று தெரிந்ததும் இல்லத்தரசிகள் அதைக் கைவிட்டுப் பழைய சோப்புத் தூளுக்கு மாறினார்கள். அண்டை வீட்டாரை மாற்றினார்கள். கடைசியில் ஷிகா மாகாண அரசையே மாற்றினார்கள். பாஸ்பேட் டிடர்ஜெண்டைத் தடுக்கும் சட்டம் அங்கே 1980-இல் நடைமுறைக்கு வந்தது. ஏரிக்குள் யாரும் இறங்காமலே, அடுப்படியிலும் துவைக்கும் கல்லிலும் நடந்த ஏரிப் பணி அது. செங்கல்பட்டுப் புறநகரின் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு இப்படி ஒன்றைக் கையில் எடுக்கும் வலு இருக்கிறது.

தண்ணீர் கடலைத் தொடும் இடம்

மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில், பாறையின் பிளவு வழியே நாகர்கள் இறங்கி வருகிறார்கள். பிளவுக்கு மேலே தொட்டி இருந்ததற்கான தடயம் உண்டு. அதிலிருந்து நிஜமாகவே தண்ணீரை வழியவிட்டிருப்பார்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கடற்கரையில் நின்ற பல்லவர் கொண்டாடியது நன்னீரின் வருகையை. அதே பல்லவர்கள்தான் உள்நாட்டில் பாலாற்றிலிருந்து கால்வாய் வெட்டி ஏரிகளை நிரப்பினார்கள்.

கடலோரத்தில் நன்னீர் என்பது உப்புநீர் மேல் மிதக்கும் மெல்லிய படலம். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை உப்பைத் தள்ளி நிறுத்தும். அந்த ஓர் அடியை மோட்டார் போட்டு உறிஞ்சினால் உப்பு மேலேறும். ஏறிய உப்பை இறக்கப் பல ஆண்டு மழை வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகளும் பண்ணை வீடுகளும் இந்தப் படலத்தின் மேல்தான் நிற்கின்றன. மேற்கே ஏரிகள் நிறைந்து நின்றால் நிலத்தடி நீர் கடலை நோக்கி அழுத்தும். ஏரிகள் காய்ந்தால் கடல் உள்ளே அழுத்தும்.

அதே கரையில், நெம்மேலியில், 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இயங்குகிறது. 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள இன்னொன்று 1,516 கோடி ரூபாய் செலவில் திறக்கப்பட்டது. சென்னைக்கு இவை தேவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஏரிக்கு 25 கோடி ரூபாய் வாங்க ஓர் ஊர் வெயிலில் மண் சுமக்க வேண்டியிருந்தது. கழிவுநீர்க் குழாய்க்கும் அந்த ஊர் மனு எழுத வேண்டியிருந்தது. இந்த முன்னுரிமை மாற வேண்டும்.

கடலோரத் தன்னார்வத்துக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை, ஜனவரியிலிருந்து ஆமைப் பருவம் முடியும்வரை இரவுகளில் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைக் காக்கும் மாணவர் அமைப்பு 1988-இல் தொடங்கியது. மாணவர்கள் படித்து முடித்துப் போய்விடுவார்கள்; புதியவர்கள் வருவார்கள்; குறிப்பேடு தொடரும். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஒரே கரையில் எடுத்த குறிப்பு எந்த அரசுத் துறையிடமும் எளிதில் கிடைக்காத செல்வம். ஏரிகளுக்கு இப்படிக் குறிப்பேடு வைத்திருக்கும் குழுக்கள் மிகக் குறைவு. நீர்மட்டம், நிறம், வாடை, மீன் செத்து மிதந்த நாள், கலங்கல் வழிந்த நாள் ஆகியவற்றை வாரம் ஒருமுறை ஒரு பள்ளி மாணவர் எழுதி வைத்தால் பத்து ஆண்டில் அது நீதிமன்றத்தில் நிற்கும் சாட்சியமாகும். தூர்வாருவதைவிட எளிய வேலை. படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது என்பதால்தான் ஆள் குறைவு.

2021-இல் தூய கடற்கரைக்கான நீலக்கொடிச் சான்று பெற்ற கோவளம் கடற்கரை தினமும் கூட்டிப் பெருக்கப்படுகிறது. அதற்குக் கொஞ்சம் வடக்கே முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் இருளர் குடும்பங்கள் இடுப்பளவு நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கின்றன. ஏரிச் சங்கிலி முழுவதும் கடைசியில் வந்து விழுவது அவர்கள் நிற்கும் தண்ணீரில். 2025-26 நிதிநிலை அறிக்கையில், கோவளத்துக்கு அருகே 1.6 டிஎம்சி கொள்ளளவில் புதிய நீர்த்தேக்கம் அறிவிக்கப்பட்டது. உப்பும் நன்னீரும் கலக்கும் நீர்ப்பரப்பை நன்னீராக்கினால் தங்கள் இறாலும் மீனும் என்னவாகும் என்று உள்நாட்டு மீனவர்கள் கேட்கிறார்கள். அந்தத் தேக்கத்துக்கு வரப்போவது மேற்கேயுள்ள ஏரிகளின் உபரிநீர். அவற்றில் சாக்கடை கலந்தால் தேக்கத்திலும் சாக்கடைதான்.

மாவட்டத்தில் விவசாயிகளுக்கு மாதந்தோறும் குறைதீர் கூட்டம் நடக்கிறது. மீனவர்களுக்குத் தனிக் குறைதீர் கூட்டம். மாநகராட்சி வார்டுகளுக்கு 2022-இல் விதிகள் வந்தபின் பகுதி சபைகள் உண்டு. ஊராட்சிகளுக்குக் கிராம சபை. ஒரே தண்ணீரைப் பற்றி நாலு அறைகளில் நாலு கூட்டம் பேசிக் கலைகிறது. மழைக்கு முன்னால், புரட்டாசியில், செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு நாளாவது சிட்லபாக்கம், செம்பாக்கம் குழுக்களையும் மதுராந்தகம் ஆயக்கட்டு விவசாயிகளையும் முட்டுக்காடு இருளர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, கால்வாய் வரைபடத்தை நடுவில் விரித்துப் பேசவேண்டும். எந்தக் கண்ணியில் எந்தத் துறை, எந்த நாளுக்குள் என்று எழுதி, அந்தப் பக்கத்தை ஏரிக்கரைகளிலேயே ஒட்டவேண்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஆட்சியரின் ஓர் உத்தரவு போதும். அதைக் கேட்டு வாங்கும் உரிமை, சேறு அள்ளியவர்களுக்கும் அந்தச் சேற்று நீரில் இறால் தேடுபவர்களுக்கும் சமமாக உண்டு.